மாரிக் கடைக்கூற்றுச் சூறாவளியும் எதிர்வுகூறலின் இடர்ப்பாடும்

தைப்பொங்கல் கழிந்த நாள் தொடங்கி மாசி நடுப்பகுதிவரை அச்சுவேலியைச் சூழ்ந்த வயல்கள் எவ்வாறிருக்கும் என்பதை நம் பழைய மாணவர் எந்நாட்டில் வாழினும் மறந்திரார். ஒருபாற் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். ஒருபால் அரிவி வெட்டு நடைபெறும். முன்னாளில் வெட்டிய உப்பட்டிகள் வரம்பருகே கிடக்க, மேட்டு நிலத்திற் சூடு வைக்கப்பட்டிருக்கும். இயந்திரங்கள் வந்தபின் உப்பட்டியும் சூடும் அருகிவிட்டன. ஆயினும், ஈரம் உலராத வயலில் இயந்திரம் இறங்க மாட்டாதாகலின், மழையைப்பற்றிய அச்சம் மட்டும் அருகவில்லை. செம்மண் தோட்டங்களிலோ வெங்காயமும் புகையிலையும் இளம்பருவத்தில் நிற்கும். ஐப்பசியும் கார்த்திகையும் மழை வேண்டி வானத்தை நோக்கிய கமக்காரன், இப்போது அதே வானத்தை நோக்கி மழை வாராதிருக்க வேண்டுவான். "இனியும் மழை உண்டோ?" என்பதே ஊரெங்கும் வினா.

இவ்வினாவுக்கு வளிமண்டலவியலாளர் உறுதியான விடை கூற இயலாது இடர்ப்படுகின்றனர். பெருமாரிக் காலத்து மழையைக் கூறுவதினும் அதன் கடைக்கூற்றில் வரும் மழையைக் கூறுவது பன்மடங்கு அரிதாகின்றது. அஃது ஏன் என்பதை, அத்துறைப் பயிற்சி இல்லாத வாசகரும் அறியுமாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் நம் பழைய மாணவர் இதனை வேறோர் உருவத்திற் கண்டிருப்பர். நாம் பனி என்று கூறுவது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியை. அவர்கள் கூறுவதோ வாயிற்கதவை மூடிவிடும் வெண்குவியலை. அந்நாடுகளிற் குளிர்காலத்தின் நடுவே வரும் பனிப்புயலைக் கூறுவது ஓரளவு எளிது. தரையும் காற்றும் ஒருங்கே உறைநிலைக்குக் கீழே நிற்பதால், வருவது பனி என்பதில் ஐயமில்லை. குளிர்காலம் முடியும் தறுவாயில் வரும் புயலே கணிப்போரை ஏமாற்றுவது. அப்போது காற்றின் வெப்பம் பூச்சியத்தை ஒட்டி மேலுங் கீழுமாக ஊசலாடும். ஒரு பாகை கூடினால் மழை. ஒரு பாகை குறைந்தால் வெண்பனி. இடையில் நின்றால் இரண்டும் கலந்த சேறு. பத்து மில்லிமீற்றர் மழைக்குரிய நீர் பனியாக விழுமாயின் ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குவியும். ஆகவே ஒரு பாகைப் பிழை, நகரமொன்று இயங்குவதையும் முடங்குவதையும் தீர்மானித்துவிடுகின்றது.

2015 ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் நியூயோர்க் நகரில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் வெண்பனி விழும் என்று எதிர்பார்க்கப்பட்டது. சுரங்க இரயில்களும் நிறுத்தப்பட்டன. வெண்பனியை அஞ்சி அவற்றை முற்றாக நிறுத்தியது அதுவே முதன்முறை. மத்திய பூங்காவில் அளவிடப்பட்டதோ 25 சென்ரிமீற்றர். ஆனால் அதே புயல் கிழக்கேயுள்ள லோங் ஐலண்டின் சில ஊர்களில் 60 சென்ரிமீற்றரைத் தாண்டியது. புயல் வந்தது உண்மை. அதன் எல்லைக்கோடு கிழக்கே சிறிது விலகியது, அவ்வளவே. எனினும் நகரத்தார் பொய்த்துவிட்டது என்றே கூறினர். இதனினும் சிந்தனைக்குரியது 2017 மார்ச் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. அப்போது கடுமையான பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. வெண்பனி குறையலாம் எனப் புதிய கணிப்புகள் சில காட்டியபோதும், கடைசி நேரத்தில் அறிவிப்பை மாற்றினால் மக்கள் குழம்புவர், ஆபத்து நீங்கிவிட்டது என எண்ணுவர் என்று கருதி அதிகாரிகள் முன்னைய எச்சரிக்கையையே நிறுத்திவைத்தனர். நகரில் விழுந்தது 19 சென்ரிமீற்றர். அவர்கள் செய்தது சரியோ என்னும் வினாவுக்குப் பின்னர் வருவோம்.

நம் குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். இதிற் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் பெய்துவிடும். வங்காள விரிகுடாவில் அந்நாட்களிற் பிறக்கும் தாழமுக்கங்களே அம்மழையைக் கொணர்வன. டிசெம்பர் நடுப்பகுதிக்குப்பின் அவை அருகுகின்றன. ஆனால் முற்றாக ஒழிவதில்லை. அருகி வருவதே இடர்ப்பாட்டின் முதற் காரணம். அடிக்கடி நிகழ்வதைப்பற்றிப் பழைய பதிவுகள் வழிகாட்டும். அரிதாக நிகழ்வதற்கு அவ்வழிகாட்டலும் இல்லை.

சூறாவளியொன்று வளர்வதற்கு வேண்டுவன யாவை? முதலாவது, வெதுவெதுப்பான கடல். மேற்பரப்பு நீர் 26½ பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. விரிகுடாவின் தெற்கே அவ்வெப்பம் தை மாதத்திலும் உண்டு. வடக்கே செல்லச்செல்லக் கடல் குளிர்ந்துவிடும். நாம் இருக்கும் பகுதி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இரண்டாவது, கீழ்க்காற்றும் மேற்காற்றும் பெரிதும் முரண்படாதிருத்தல். மாரியின் கடைக்கூற்றிலே கடலை ஒட்டி வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்திலோ மேற்கிலிருந்து வரும் காற்று வலுப்பெற்றிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே எழும் முகிற்கூட்டம், அடியை ஒருவன் ஒருபுறமும் நுனியை மற்றொருவன் மறுபுறமும் இழுக்கும் பந்தற்கால்போலச் சாய்ந்துவிடும். மூன்றாவது, ஈரமுள்ள காற்று. இந்தியப் பெருநிலத்திலிருந்து வரும் வாடை உலர்ந்தது. அது சுழற்சியின் உள்ளே புகுந்தால் முகில்கள் நலிந்து, பெரும் புயலாகும் என எண்ணப்பட்டது ஓரிரவில் வெறுஞ் சுழலாகிவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் இம்மூன்றும் பெரும்பாலும் சாதகமாகவே இருக்கும். தையிலும் மாசியிலும் மூன்றும் விளிம்பிலே நிற்கும். பூச்சியப் பாகையை ஒட்டி ஊசலாடும் வடநாட்டுக் காற்றுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. விளிம்பில் நிற்பது எப்பக்கம் விழும் என்று கூறுதலே எங்கும் அரிது.

வளர்ச்சியைக் கணித்தபின்னும் வழியைக் கணிக்க வேண்டும். சூறாவளி தானே நடப்பதில்லை. பெருங்காற்றோட்டத்தில் மிதக்கும் கட்டைபோல அதனாற் கொண்டுசெல்லப்படுகின்றது. வடக்கே உயரமுக்க மேடு வலுவாக நின்றால் அது மேற்கு நோக்கித் தள்ளப்பட்டு இலங்கையையோ தமிழகத்தையோ அடையும். வடமேற்கிலிருந்து மேலைக்காற்றின் தாழிடம் ஒன்று கீழிறங்கினால், மேடு உடைந்து சூறாவளி வடக்கே திரும்பிக் கடலில் மறையலாம். இரண்டும் ஒத்த வலிமையுடன் இழுக்குமாயின் அஃது எங்கும் செல்லாது நின்றுவிடும். நம்மைப் பொறுத்தவரை நின்றுவிடுதலே கொடியது. விரைந்து கடக்கும் புயல் கூரையைப் பறிக்கும். நின்று பெய்யும் புயல் வயலை அழிக்கும்.

2020 டிசெம்பரில் வந்த புரெவி இதற்குத் தக்க சான்று. டிசெம்பர் 2 ஆந் திகதி இரவு அது திருக்கோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்து, வன்னியை ஊடறுத்து, மறுநாள் மன்னார்க் குடாவை அடைந்தது. அங்கிருந்து பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே தமிழகக் கரையைக் கடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாறு கடக்கவில்லை. இராமநாதபுரக் கரையருகே அசையாது நின்று, அங்கேயே மெலிந்து ஒழிந்தது. மையத்தின் வழியை மட்டும் நோக்கியவர், ஆபத்து இராமநாதபுரத்துக்கே எனக் கருதியிருப்பர். பெருமழை பெய்ததோ வடக்கே வெகுதொலைவில் உள்ள கொள்ளிடம், சிதம்பரம் முதலிய ஊர்களில். குடாநாட்டிலும் நாட்கணக்கில் மழை ஓயவில்லை. மையம் ஓரிடத்தும் மழை மற்றோரிடத்தும் இருப்பது இத்தகைய நலிந்த சுழல்களின் இயல்பு.

இவ்விடத்து ஒரு சொல்லைப்பற்றிய தெளிவு வேண்டும். தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், சூறாவளி என்னும் படிகள் காற்றின் வேகங்கொண்டே வகுக்கப்பட்டவை. மணிக்கு 31 முதல் 49 கிலோமீற்றர் வரை தாழமுக்கம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழமுக்கம். 62 ஐ எட்டினாற் சூறாவளி. அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டப்படும். இப்படிகளுள் எதுவும் மழையின் அளவைக் கூறுவதில்லை. நம்மவரோ பெயர் கேட்டபின்னரே அஞ்சுகின்றனர். பெயரில்லாத தாழமுக்கத்தை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. 2008 நவம்பரில் நிஷா என்னும் சூறாவளி காரைக்காலுக்கு வடக்கே கரைகடந்தது 27 ஆந் திகதியில். யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் கொட்டியது 25 ஆந் திகதியில். அஃதாவது, அது பெயர் பெறுவதற்கு முன்னரே. 2023 டிசெம்பர் 17, 18 ஆந் திகதிகளில் நம் கரைக்குத் தென்மேற்கே, தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில், 24 மணி நேரத்தில் 95 சென்ரிமீற்றர் மழை பதிவாயிற்று. நாம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையில் முக்காற்பங்கு அது. அதனைக் கொணர்ந்தது சூறாவளியுமன்று, தாழமுக்கமுமன்று. வளிமண்டலத்தின் மேலடுக்கில் நின்ற ஒரு சுழற்சியே.

தையிலும் மாசியிலும் வந்தவற்றையும் கூற வேண்டும். 2021 ஜனவரியிற் பெயர் கொண்ட புயல் எதுவுமின்றியே தமிழகத்துக் காவிரிப் பகுதியில் நாட்கணக்காக மழை பெய்து, பொங்கலுக்கு அறுக்கவிருந்த நெல் வயலிற் சாய்ந்து முளைத்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் ஆழ்ந்த தாழமுக்கம் தமிழகக் கரையை நோக்கி வந்தது. மார்ச்சில் அத்தகையது பிறப்பதே பேரரிது. எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன, அதுவோ கரையை அடையாது கடலிலேயே நலிந்தது. அடுத்த ஆண்டு, 2023 ஜனவரி இறுதியில், மீண்டும் ஒரு தாழமுக்கம். அது பெப்ரவரி 2 ஆந் திகதி அதிகாலையில் மட்டக்களப்புக்கும் திருக்கோணமலைக்கும் இடையே கரைகடந்தது. தமிழகத்தில் அது கால் வைக்கவேயில்லை. எனினும் தஞ்சாவூர், திருவாரூர், நாகபட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் நீரில் மூழ்கியது. ஹெக்டேயர் ஒன்றுக்கு 20,000 இந்திய ரூபா இழப்பீடு வழங்குவதாக அம்மாநில அரசு அறிவிக்க நேர்ந்தது. முன்னையதை நம்பியவன் வீணே அலைந்தான். அதனை நினைந்து பின்னையதை நம்பாதிருந்தவன் நெல்லை இழந்தான். எதிர்வுகூறலின் துன்பம் முழுவதும் இவ்விரண்டு ஆண்டுகளில் அடங்கியிருக்கின்றது எனலாம்.

கணிப்போர் தாமே இருமனப்படுவதும் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் விரிகுடாவில் நின்ற ஆழ்ந்த தாழமுக்கம் சூறாவளியாகும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆகாது எனப்பட்டது. 29 ஆந் திகதி அது சூறாவளியாகிப் பெங்கல் எனப் பெயர் பெற்றது. மறுநாள் இரவு புதுச்சேரியருகே கரைகடந்து, கடந்த இடத்திலேயே மணிக்கணக்கில் நின்றது. அண்மையிலுள்ள மயிலத்தில் 51 சென்ரிமீற்றர் மழை. அறிவிப்பு மாறியதைப் பலர் எள்ளினர். காற்றுமுரண், உலர்காற்று, கடல்வெப்பம் ஆகியவற்றின் விளிம்பில் நின்ற ஒன்றைப்பற்றி ஒரே சொல்லில் நிற்க எவராலும் இயலாது என்பதை அவர் எண்ணவில்லை.

குடாநாட்டின் சிறுமையும் இவ்விடர்ப்பாட்டைப் பெருக்குகின்றது. வடகடலிலிருந்து யாழ்ப்பாணக் கடனீரேரி வரை அதன் அகலம் பெரும்பாலும் 20 கிலோமீற்றர் அளவே. இந்திய வானிலைத் துறையினர் அண்மைய ஆண்டுகளில் 24 மணி நேரத்துக்கு முன் குறிக்கும் சூறாவளி மையத்தின் சராசரிப் பிழை ஏறத்தாழ 75 கிலோமீற்றர். இது பெருஞ்சாதனை, இருபது ஆண்டுகளுக்குமுன் பிழை இதனினும் ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. ஆயினும் அப்பிழைக்குள்ளே நம் குடாநாடு முழுவதும் அடங்கிவிடுகின்றது. மையம் முல்லைத்தீவு வழியே செல்லுமோ, வேதாரணியத்தை நோக்கிச் செல்லுமோ என்னும் ஐயம், கொழும்பிலிருந்தோ புதுடில்லியிலிருந்தோ நோக்குவார்க்குச் சிறிதாகத் தோன்றும். நமக்கோ அது முற்றிலும் வெவ்வேறான இரண்டு புயல்.

இவ்வேறுபாட்டைத் தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, மயிலிட்டிக் கடற்றொழிலாளர் நூலறிவின்றியே உணர்ந்திருந்தனர். காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவர்கள் அவர்கள்: வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். நம் அரைக்கோளத்திற் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். ஆகவே மையம் நமக்குத் தெற்கே கடக்குமாயின், வாடை மெல்லத் திரும்பிக் கொண்டலாகிப் பின் தென்கிழக்கை அடையும், ஈரமுள்ள கடற்காற்று இடைவிடாது தாக்கும், மழை கடுமையாகும். மையம் நமக்கு வடக்கே கடக்குமாயின், காற்று வடமேற்காகி, கச்சானாகி, இறுதியிற் சோளகத் திசையை அடையும். மாரிக் காலத்திற் கச்சான் எழுந்தால் புயல் வடக்கே போகின்றது என்பதே பொருள். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழமுக்கம் இடப்புறத்தே இருக்கும் என்று 1857 இல் ஒல்லாந்து அறிஞர் பைஸ் பலோ வெளியிட்ட விதியும் இதுவே. மேனாட்டார் விதியென எழுதியதை நம்மவர் பெயர்களுள் அடக்கி வைத்திருந்தனர். அவ்வறிவு புயல் அணுகியபின் பயன்படுவது. மூன்று நாட்களுக்குமுன் கூறமாட்டாது என்பதையும் மறைத்தலாகாது.

மூன்று நாட்களுக்குமுன் கூற முயன்ற வரலாறு நூறு ஆண்டுகளுக்குச் சற்று முந்தியது. முதலாம் உலகப்போரிற் பிரான்சிலே காயமுற்றோரை ஏற்றும் வண்டியைச் செலுத்திவந்த லூயிஸ் றிச்சட்சன் என்னும் ஆங்கிலேயர், ஆறு மணி நேர வானிலையைக் கையாற் கணித்துப் பார்த்தார். அமுக்கம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அமுக்கம் மாறவே இல்லை எனலாம். அவர் அத்தோல்வியையும் சேர்த்து 1922 இல் நூலாக வெளியிட்டார். இத்தகைய நேர்மை அறிவியலிலும் அரிது. 1950 இல் அமெரிக்காவிற் சார்னி முதலியோர் மின்கணினி கொண்டு முதலாவது கணிப்பைச் செய்தபோது, 24 மணி நேரத்து வானிலையைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் சென்றது. வானிலையும் கணினியும் ஒன்றையொன்று துரத்தின போலும். 1963 இல் எட்வேட் லொறன்ஸ் ஒரு பேருண்மையை வெளியிட்டார்: தொடக்க அளவீட்டில் உள்ள மிகச்சிறு பிழையும் நாட்செல்லச் செல்லப் பெருகி முழுக் கணிப்பையும் விழுங்கிவிடும். இரண்டு கிழமைக்கு மேற்பட்ட நாளாந்த வானிலையைக் கூற எக்கணினியாலும் இயலாது என்று இன்று கொள்ளப்படுவது அதன்வழி வந்ததே.

ஆதலின் இக்காலத்தார் ஒரே கணிப்போடு நிற்பதில்லை. தொடக்க அளவுகளைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளை ஒருங்கே ஓட்டுகின்றனர். ஐரோப்பிய இடைத்தர வானிலை நிலையம் 1992 தொடக்கம் இவ்வாறு செய்துவருகின்றது. அதன் தொகுதியில் 51 கணிப்புகள் உண்டு. அவற்றுள் நாற்பத்தைந்து புயல் வரும் என்றால் நம்பிக்கை மிகும். இருபது வரும் என்றும் முப்பத்தொன்று வாராது என்றும் கூறினால், அதுவே உண்மையான விடை: ஐந்தில் இரண்டு பங்கு வாய்ப்பு. மாரிக் கடைக்கூற்றில் இத்தகைய பிளவுபட்ட விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. வானொலியில் அதனை "மழை பெய்யலாம்" என்ற இரு சொற்களாகச் சுருக்கிவிடுகின்றனர்.

தொடக்க அளவீட்டில் நம் கடல் பெரிதும் வறியது. நிலத்திலே நிலையங்கள் உண்டு. விரிகுடாவின் நடுவே சில மிதவைகளும், செல்லும் கப்பல்களுமே உண்டு. அட்லாந்திக்கில் அமெரிக்கர் புயலின் உள்ளே விமானஞ் செலுத்தி அளவெடுப்பது வழக்கம். வங்காள விரிகுடாவில் அவ்வாறான வழமையான ஏற்பாடு இல்லை. செய்மதிகளே பெருந்துணை. 1964 டிசெம்பரில் அத்துணையும் குழந்தைப் பருவத்தில் இருந்தது. முதலாவது வானிலைச் செய்மதி விண்ணிற் சென்றது 1960 ஏப்பிரலில். ஓரிடத்தையே இடைவிடாது நோக்கும் செய்மதி அப்போது இல்லை. அவ்வாண்டு மத்திய கோட்டுக்கு ஐந்து பாகையளவே வடக்கில், புவிச்சுழற்சியின் விசை மெலிந்த இடத்தில், எவரும் எதிர்பாராவண்ணம் பிறந்த சூறாவளி, திருக்கோணமலைப் பக்கத்திற் கரையேறி, வடமாகாணத்தை ஊடறுத்து, 22 ஆந் திகதி நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு சென்ற புகைவண்டியைக் கடல் கொண்டது. இருகரையிலுமாக மாண்டோர் ஏறத்தாழ 1,800 பேர். மார்கழியின் முதற்கிழமை கழிந்துவிட்டது, இனிப் பெரும்புயல் இல்லை என்று எண்ணுவார் எவர்க்கும் அவ்விரவு விடையளிக்கும்.

அருகில் வந்த முகிலைக் காட்டுவது ராடர். இலங்கைத்தீவு நெடுங்காலம் தனக்கென ஒரு டொப்ளர் ராடரின்றியே இருந்துவந்தது. நமக்கு அண்மையில் உள்ளது இந்தியாவின் காரைக்கால் ராடர். அச்சுவேலியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். உலகம் உருண்டையாதலின் அதன் கதிர் நம்மை எட்டும்போது தரைக்கு இரண்டு கிலோமீற்றர் மேலே செல்கின்றது. அதற்குக் கீழே நிகழ்வதை அது காணாது. எனினும், மழை எத்திசையிலிருந்து எவ்வளவு விரைவில் வருகின்றது என்பதை இரண்டு மூன்று மணி நேரத்துக்குமுன் அறிய அது போதும். அதன் படங்களை இன்று எவரும் கைத்தொலைபேசியிற் காணலாம். காண்போர் தொகையோ மிகக் குறைவு.

இனி, முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். ஐயம் இருக்கும்போது எச்சரிப்பதா, விடுப்பதா? ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவனுக்கு அவசர அவசரமாக இயந்திரம் அமர்த்தி, சற்றுப் பச்சையாகவே நெல்லை வெட்டி, களஞ்சியம் சேர்ப்பதால் வரும் மேலதிகச் செலவும் இழப்பும் 20,000 ரூபா என்று கொள்வோம். வெட்டாது விட்டு மழை வந்தால் இழப்பு 100,000 ரூபா. பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என அறிவிக்கப்படுகின்றது. பத்துத் தடவையும் அவன் வெட்டினால் செலவு 200,000. ஒருபோதும் வெட்டாதிருந்தால் மூன்று தடவை நனைந்து இழப்பது 300,000. பத்தில் ஏழு தடவை அவ்வறிவிப்புப் "பொய்த்தது". பொய்த்தும் அவனுக்கு 100,000 ரூபா மிச்சம். வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கு மேற்படும்போதெல்லாம் அவன் வெட்டுதலே தகும். அதே அறிவிப்பு வேறொருவனுக்கு வேறு முடிவைத் தரும். கடலுக்குப் போவான் ஒருவனுக்கு ஒருநாட் பாடு ஒருபுறம், உயிர் மறுபுறம். அவனுக்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பும் பெரிது. நெல் இன்னும் பாற்பருவத்தில் நிற்பவனுக்கோ வெட்டுவதாற் பயனே இல்லை.

தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகளைத் திறக்கும் பொறுப்புடையார் நிலை இன்னும் கடினம். உவர்நீர் புகாது தடுத்து நன்னீரைத் தேக்கவே அவ்வணை கட்டப்பட்டது. மாரிக் கடைக்கூற்றிற் கதவைத் திறந்து, மழை வாராவிட்டால், கோடைக்கு வேண்டிய நன்னீர் கடலுக்குப் போயிற்று. திறவாதிருந்து மழை வந்தால், கரையோர வயல்கள் நீருள் மூழ்கும். கடல்மட்டம் உயர்ந்திருக்கும் புயல்வேளையிற் கதவைத் திறந்தும் நீர் வெளியேறாது. ஆகவே முன்னரே திறக்க வேண்டும். முன்னரே திறக்க முன்னரே அறிய வேண்டும்.

இவையெல்லாம் நோக்குமிடத்து, நியூயோர்க்கில் 2017 இல் ஐயத்தை மறைத்துப் பழைய எச்சரிக்கையை நிறுத்திவைத்தது தவறு என்பதே எம் கருத்து. மக்கள் குழம்புவர் என்பது அவர்களைச் சிறுவராக மதிப்பதாகும். பத்தில் மூன்று என்பதை விளங்கிக்கொள்ள நம் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விதைக்கும் நாள் தொட்டு அவன் அத்தகைய கணக்கிலேயே வாழ்கின்றான். அவனுக்கு வேண்டுவது எண். "பரவலாக ஆங்காங்கே மழை பெய்யக்கூடும்" என்பதிலே எண் எதுவும் இல்லை. மறுபுறத்தே, எண் கூறிய அதிகாரியை மழை வாராத மறுநாளே இகழ்வதும் நிற்க வேண்டும். நூற்றில் எழுபது என்றவர் முப்பது தடவை தோற்றே ஆக வேண்டும். தோற்காவிடில் அவர் எண்ணே பிழை.

அறிவிப்பொன்று வந்தால் எதை நோக்குவது என்று மாணவர் சிலர் எம்மிடம் வினவியதுண்டு. முதலில், அஃது எத்தனை மணிக்கு வெளியிடப்பட்டது என்பதை நோக்குக. காலையிற் கூறியது மாலையில் பழையதாகிவிடும், கைத்தொலைபேசிகளிற் பரவுவன பெரும்பாலும் முதல்நாளையவை. அடுத்து, மையம் எங்கே என்பதோடு நில்லாது, மழை எங்கே, எத்தனை நாள் என்று பார்க்க. மையம் விரைந்து செல்கின்றதா, நிற்கின்றதா என்பதைக் கவனிக்க. நிற்குமாயின் பெயரில்லாத தாழமுக்கமாயினும் நெல்லை உள்ளே எடுக்க. முற்றத்திற் காற்று வாடையிலிருந்து கொண்டலுக்குத் திரும்புகின்றதா, கச்சானுக்குத் திரும்புகின்றதா என்பதைக் குறித்துக்கொள்க.

பாடசாலைதோறும் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்தல் பெருஞ்செலவான காரியமன்று. நேர்சுவருள்ள பாத்திரமும், ஓர் அளவுகோலும், மரநிழலுங் கட்டட நிழலும் படாத ஒரு முழ நிலமும் போதும். அச்சுவேலிக்கும் புத்தூருக்கும் வளலாய்க்கும் இடையே ஒரே இரவில் மழை எவ்வளவு வேறுபடுகின்றது என்பதை அப்போது காணலாம். கணினிகள் இவ்வூர்கள் மூன்றையும் பெரும்பாலும் ஒரே கட்டத்துள் அடக்கி ஓர் எண்ணையே தருகின்றன. பத்து ஆண்டுக்கு அத்தகைய ஏடு ஒன்று சேருமாயின், தை மாசி மழையைப்பற்றி நம் ஊருக்கென ஒரு கணக்கு முதன்முறையாகக் கிடைக்கும். காலபோகத்து அறுவடை நாளைக் குறிப்போர்க்கு அஃது உதவும்.